அடுத்த படுக்கை

பழைய கட்டிடத்தின் கோடியில் இருக்கிற அந்த வார்டை மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கு மட்டும்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. அதனால் உள்ளே கால் வைத்ததும் பூஞ்சை வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். காலையில் எவ்வளவு பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அதற்கடியில் அந்த வாடை படுத்துக் கிடக்கும், தூங்குகிற நாய் மாதிரி.

"வாங்க மூணு. இந்த வருஷமும் உயிரோட இருக்கீங்களா?" என்றாள் வார்டு ஆயா.

"உங்க ஆஸ்பத்திரி மாத்திரையைச் சாப்பிடலையில்ல, அதான்" என்றார் அவர்.

மூணு என்பது அவருக்கு இங்கே வைத்த பெயர். மண்டைக்குள் மூளையிலிருந்து கிளம்பி கண்ணுக்கும் காதுக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் போகிற நரம்பு பன்னிரண்டு ஜோடி என்பார்கள். பரீட்சைக்கு வந்து படுக்கிற நோயாளிக்கு எந்த நரம்பு செத்துப் போயிருக்கிறதோ அந்த நம்பர்தான் பெயர். இவருக்கு இடது பக்கம் மூன்றாவது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஏறவேயில்லை. விரலால் தூக்கினால்தான் அந்தக் கண் திறக்கும். திறந்தாலும் தொல்லை. கருவிழி வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்பதால் எதைப் பார்த்தாலும் இரண்டு தெரியும். இரண்டு கதவு, இரண்டு ஆயா. லைசென்ஸ் போனது. அன்றிலிருந்து டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. ஒழுங்காகப் படித்தவன் எவனும் இவ்வளவு பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரியமாட்டான் என்பது அவர் கட்சி.

பரீட்சைக்கு வருகிற மாணவர்களிடம் வேண்டுமென்றே பொய் சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பஞ்சால் கன்னத்தைத் தொட்டால் "தெரியலையே" என்பார். பையன் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

இந்தத் தடவை மட்டும் அவர் சிரிக்க வரவில்லை. மகளுக்காக வந்தார்.

காதில் சீழ் வைத்து ஆபரேஷன் பண்ணப்போய் மகளுக்கு முகத்தின் வலது பாதி செத்துவிட்டது. ஏழாவது நரம்பு. கன்னம் தொங்கிவிட்டது, கண் மூடாது, குடிக்கிற தண்ணீர் கடைவாயில் ஒழுகும். சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதெல்லாம் பெரிதில்லை. அவளுடைய மகன், இன்னும் பேச்சு சரியாக வராத பயல், அந்த முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதான். தாத்தா தோளைவிட்டு இறங்கவே மாட்டான். பெற்றவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். இந்த வருடம் பரீட்சகராக வருகிற பெரிய சர்ஜன் நாக்குக்குப் போகிற நரம்பை வெட்டி முகத்துக்கு ஒட்டுகிறவர் என்று கேள்வி. படுக்கையில் கேஸாகப் படுத்தால் அவர் கையால் ஒருதடவை பார்ப்பார். வேறு வழியில் அவரைப் பார்க்க இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

"அப்பா, ஆபரேஷன் பண்றேன்னு சொல்லுவாரா?"

"சொல்லாமப் போயிடுவானா? நான் பார்த்துக்கறேன். நீ படு."

மூன்று கட்டில், நடுவில் துணித் திரைகள். ஜன்னல் பக்கம் மூணு, அடுத்து மகள், சுவர் ஓரம் பன்னிரண்டு. பன்னிரண்டு என்பவர் தையல்காரர். நாக்கை நீட்டினால் இடது பக்கமாகத் திரும்பும். அவருடைய பேச்சு வாயில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல வரும். ஆனால் பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை. இரண்டு பேரும் வருடாவருடம் இங்கேதான் சந்தித்துக்கொள்வார்கள்.

"யோவ் மூணு, பொண்ணையும் நம்ம கம்பெனியில சேர்த்துட்டியா?"

"உன் வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுய்யா."

"அது முழுங்குற சாமானா? என் நாக்கு." பன்னிரண்டு சிரித்தார். பிறகு திரையை விலக்கி மகளைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இந்தா பாரும்மா, புதுசா வந்திருக்கே. ஒண்ணு சொல்றேன். நம்மளைப் பார்க்க வர்ற பசங்க எவனும் முதல் நரம்பை, அதான் மூக்கை, சோதிக்கமாட்டான். வாசனை சரியா தெரியுதான்னு வாயால கேட்டுட்டு நேரா கண்ணுக்குப் போயிடுவான். நேரம் கிடையாது பாரு. எவனாவது வாசனைக் குப்பியை எடுத்து மூக்குகிட்ட நீட்டினா..."

"நீட்டினா?"

"பதில் சொல்லாதே. கண்ணைத் திறக்காதே. கல்லு மாதிரி கிட. தானா போயிடும்."

"ஏங்க?"

"இதே வார்டுல ஒருத்தன் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனான். கடைசித் தடவை மூக்கை விட்டுட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டான். அன்னைக்குப் படுத்திருந்த ஆளுக்கு மூக்குதான் போயிருந்தது. பையன் ரூமுக்குப் போய்த் தூக்குல தொங்கிட்டான். இப்பவும் வர்றான். ஒண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் எதையும் விடமாட்டான். அவன் பார்த்து முடிச்ச நரம்பு அப்புறம் அவன் சொல்பேச்சுதான் கேக்கும். பத்துன்னு ஒரு அம்மா இருந்தாங்களே, குரல் கட்டினவங்க, ஞாபகம் இருக்கா மூணு? பரீட்சையன்னைக்கு இதே கட்டில்ல போய்ச் சேர்ந்தாங்க. பத்தாவது நரம்பு தொண்டையோட நிக்கலைய்யா. அது நெஞ்சு வரைக்கும் போகுது."

"இவன் கத்திரிக்கோலும் சரி, கதையும் சரி, ரெண்டுமே துரு. நீ காதுல போட்டுக்காதே கண்ணு" என்றார் மூணு.

பரீட்சை தொடங்கியது. சிஸ்டரின் மேஜையில் ஒரு வெண்கலக் கைமணி. அதை அடித்தால் மாணவர்கள் அந்த நொடியே அடுத்த படுக்கைக்குப் போய்விட வேண்டும். கேள்வி பாதியில் இருந்தாலும் சரி, கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தாலும் சரி. மணிக்கு மேல் அப்பீல் கிடையாது. பன்னிரண்டு சொன்னது அதுவரைக்கும் சரிதான். வந்த பையன்கள், பெண்கள் யாரும் குப்பியைத் தொடவேயில்லை. விரலைப் பாருங்க, புருவத்தைத் தூக்குங்க, பல்லைக் காட்டுங்க, தோளை உயர்த்துங்க, நாக்கை நீட்டுங்க. மணி. அடுத்த படுக்கை.

மதியம் பரீட்சகர்கள் சாப்பிடப் போனார்கள். சிஸ்டரும் மாணவர்களும் போனார்கள். ஆயா பொட்டலச் சாப்பாடு கொடுத்துவிட்டு வராந்தாவில் போய்ச் சாய்ந்தாள். பன்னிரண்டு சாப்பிட்ட வேகத்தில் குறட்டை. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. மின்விசிறி சுற்றவில்லை. பூட்டிக் கிடந்த இடத்தில் மட்டும் இருக்கிற ஒரு சில்லிப்பு தரையிலிருந்து மெதுவாக ஏறியது.

மூணு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கிராம்பு வாசனை.

பல்வலிக்கு வைக்கிற தைலத்தின் வாசனை. மூக்குக்கு நேராக, மிக அருகில்.

"கண்ணை மூடிக்கோங்க" என்றது ஒரு மெல்லிய குரல். மரியாதையான குரல். "இது என்ன வாசனை?"

தூக்கக் கலக்கத்தில் மூணு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில்கூடப் படுத்துகிறான்களே என்று எரிச்சல். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதும் இல்லை.

வாசனை விலகியது.

திரை அசைகிற சத்தம். அந்தப் பக்கம், மகளின் படுக்கையில்.

"கண்ணை மூடிக்கோங்க. இது என்ன வாசனை?"

"கிராம்பு" என்றாள் மகள்.

பாவம், யாரைப் பார்த்தாலும் பரீட்சகர் என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஒழுங்காகப் பதில் சொன்னால் ஆபரேஷன் கிடைக்கும் என்ற நினைப்பு.

"நல்லது. அடுத்தது."

மூணுக்குத் தூக்கம் கலைந்தது. குப்பி. மூக்கு. சேச்சே, தையல்காரன் கதை. கொஞ்சம் பயபக்தியான பையன் ஒருத்தன் சாப்பிடப் போகாமல் பழகிப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் நடக்கிற சத்தம் ஏன் கேட்கவில்லை?

"எத்தனை விரல்? நல்லது. என் விரலையே பாருங்க. தலையைத் திருப்ப வேண்டாம். நல்லது. நல்லது."

"போதுங்க, கண்ணு வலிக்குது" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் நடுங்கிய குரலில், "விரலை எடுங்க. என்னால வேற பக்கம் பார்க்க முடியலை."

மூணு எழுந்து திரையை இழுத்தார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தனியாக.

ஆனால் தாடையை யாரோ பிடித்துத் தூக்கினாற்போல அவள் முகம் நிமிர்ந்திருந்தது. கன்னத்தில், கண்ணுக்குத் தெரியாத விரல் அழுந்திய குழி.

"யாரும்மா? யார்கிட்டப் பேசறே?"

அவளுடைய கருவிழிகள் இடப்பக்கம் போயின, மேலே போயின, கீழே இறங்கின, வலப்பக்கம் வந்தன. எதையோ பின்தொடர்ந்தபடி.

அவர் விரலால் இடது இமையைத் தூக்கினார்.

இரண்டு கட்டில். இரண்டு மகள். முதல் மகளின் பக்கத்தில் யாரும் இல்லை.

இரண்டாவது மகளின் பக்கத்தில் இருந்தான்.

வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, பையில் வரிசையாகச் சின்னக் குப்பிகள். அவன் முகத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை. கண் இரண்டும் ஒரே இடத்தில் குத்தி நின்றன. கன்னம் ஈரத்துணி போலத் தொங்கியது. தாடை கழன்று திறந்து கிடந்தது. நாக்கு ஒரு ஓரமாகச் சரிந்திருந்தது. உதடு அசையாமலே அந்த வாயிலிருந்து குரல் வந்தது.

"பஞ்சு படுதா? நல்லது. அடுத்தது. புருவத்தை உயர்த்துங்க."

மகளின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. இரண்டு பக்கமும்.

"கண்ணை இறுக்கி மூடுங்க."

மூடாத வலது கண் மூடியது.

"பல்லைக் காட்டுங்க."

அவள் சிரித்தாள். முழுதாக, நேராக. கல்யாணத்துக்கு முன்னால், லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவருகிற பெண்ணாக அவள் சிரித்த சிரிப்பு.

மூணு அங்கே நின்றுவிட்டார். இதற்காகத்தானே வந்தோம். ஒரு மூச்சு நேரம், அதுகூட இல்லை, போகட்டுமே என்று அவர் மனம் சொன்னது.

"நல்லது. அடுத்தது. காதுகிட்ட நான் சொல்றது கேக்குதா?"

அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ, சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கண்களிலிருந்து கண்ணீர் கொட்டியது.

காதோடு எட்டு முடிந்தது. அடுத்து தொண்டை. அதற்கடுத்தது நெஞ்சு.

மூணு மகளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை, வேர்விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். "விடுடா நாயே!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. "வாயைத் திறங்க" என்றது குரல். மகளின் வாய் திறக்கத் தொடங்கியது.

மணி!

மணிக்குக் கட்டுப்படாத மாணவன் கிடையாது. அவர் மேஜைக்கு ஓடினார். இரண்டு மேஜை தெரிந்தது, இரண்டு மணி தெரிந்தது. முதலில் பிடித்தது காற்று. இமையை விட்டுவிட்டு மறுபடி துழாவிப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் ஆட்டினார்.

வெண்கலச் சத்தம் வார்டு முழுக்க அதிர்ந்தது.

மகள் பொத்தென்று தலையணையில் விழுந்தாள். அவர் ஓடிப்போய் அவளை மடியில் போட்டுக்கொண்டார். "அப்பா, என்னப்பா அது?" "ஒண்ணும் இல்லை கண்ணு, ஒண்ணும் இல்லை, போயிட்டான்." அவள் நெஞ்சு அடிக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தார். அடித்தது. அதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

சுவர் ஓரத்துத் திரைக்குப் பின்னால், மணிச் சத்தத்தில் விழித்து, பரீட்சை மறுபடி தொடங்கிவிட்டது என்று எண்ணி ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில் கொழகொழவென்று பதில் சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய சிஸ்டர்தான் பன்னிரண்டைப் பார்த்தாள். மாரடைப்பு என்றார்கள். வாய் திறந்திருந்தது. நாக்கு வெளியே நீண்டிருந்தது.

நேராக. இம்மிகூடச் சாயாமல்.

மணி என்றால் 'போ' என்று அர்த்தம் இல்லை. 'அடுத்த படுக்கை' என்று அர்த்தம். எத்தனை வருடமாக அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்! மூணு சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். அந்த மணி அங்கே இருந்தது. ஆயா எல்லா இடத்திலும் தேடினாள். மறுபடி வேண்டியிருக்கும் என்று அவர் மனம் சொன்னது.

பெரிய சர்ஜன் மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன கோளாறு? முகம் நல்லாத்தானே இருக்கு. சில நரம்பு தானே முழிச்சுக்கும். அதிர்ஷ்டக்காரிம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அழகாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் கொஞ்ச நேரம் தாத்தா தோளிலிருந்தே எட்டிப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அம்மாவிடம் தாவினான். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வெளியூர் வேலையில் இருக்கிற மருமகனுக்கு ஃபோன் போட்டு, கிழவர் தானே பேசினார். அவரும் மருமகனும் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பன்னிரண்டின் சாவைப் பற்றி அவர் சொன்னபோதும் மகள் சிரித்தாள்.

பேரன் விழுந்து உதடு கிழிந்து ரத்தம் வந்தபோதும்.

"என்ன பழக்கம் இது?" என்று அதட்டினார்.

அவள் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. பல் தெரியும்படி சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நான் சிரிக்கலைப்பா. அதுவா சிரிக்குது."

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் இமையைத் தூக்கவேயில்லை. தூக்கப் பயம்.

ஒரு பிற்பகல். பேரன் தன் சின்னக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் பக்கத்துக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூணு வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே துணி மடிக்கிற சரசரப்பு நின்றது.

கிராம்பு வாசனை.

அவர் ஓடிவந்தார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடை தூக்கியிருந்தது. கன்னத்தில் விரல் குழி. முகம் நிறையச் சிரிப்பு. இமையைத் தூக்கினார். இரண்டு மகள்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்திக்குக் கன்னம் தொங்கியிருந்தது, வாய் கோணியிருந்தது. அவள்தான் அவருடைய மகள். கோணல் வாயால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு.

"விட்ட இடத்துலேர்ந்து பார்ப்போம். வாயைத் திறங்க. ஆன்னு சொல்லுங்க."

"ஆ..." என்றாள் மகள்.

சாமான் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த மணியை எடுத்தார். மணியின் நாக்கைப் பிடித்தபடியே, சத்தம் வராமல், தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டப்போன கை நின்றது.

அடுத்த படுக்கையில் பேரன்.

"இன்னும் நல்லா. ஆ..."

"ஆ..." அவள் குரல் தேய்ந்தது. உதட்டில் நீலம் ஏறியது.

மூணு அதிகம் யோசிக்கிறவர் இல்லை. பேரனை அப்படியே வாரி எடுத்து மகளின் காலடியில் தரையில் போட்டார். பேரனின் சின்னக் கட்டிலில் தான் ஏறி, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தார். பதில் சொல்லாமல் இருந்தால் அவன் நகர்ந்து பிள்ளையிடம் போவான். உண்மையைச் சொன்னால் கதை முடியும். ஆனால் பொய் சொல்லலாம். எத்தனை பையன்களை ஒரே கேள்வியில் கட்டிப்போட்டிருக்கிறார்! முதல் நரம்பிலேயே இவனையும் ஆயுசுக்கும் நிறுத்திவைக்கிறேன், வாடா.

வலது கண்ணை மூடிக்கொண்டு மணியை அடித்தார்.

மகள் மூச்சை இழுத்து இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு பேரனின் அழுகை. பிறகு அவள் அவனைத் தூக்கி, "இல்லைடா, இல்லைடா" என்று உளறுகிற சத்தம். அந்தக் குரல் கோணலாக வந்தது, முன்பு போலவே. தானே வந்து படுத்த ஆள் கிடைத்ததும் அவளை அவன் முழுதாக விட்டுவிட்டான் போல. அழுகை மெல்ல அடங்கியது. அந்த முகத்தோடு அவள் தூக்கியும் பிள்ளை அழுகையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வாசனை அவர் மூக்குக்கு நேராக வந்தது.

"கண்ணை மூடிக்கோங்க. இது என்ன வாசனை?"

"டீசல்" என்றார் மூணு.

அமைதி.

"இது?"

"அதுவும் டீசல்தான். நல்லா மோந்து பாருடா."

குப்பிகள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம். உதட்டோரம் சிரிப்பு வந்தது அவருக்கு. திணறுகிறான். எல்லாப் பயலும் ஒன்றுதான்.

பதில் சொல்லாதே என்றுதான் பன்னிரண்டு சொன்னார். பொய்யும் ஒரு பதில்தான் என்பது கிழவருக்கு அப்போது தோன்றவில்லை.

"நல்லது" என்றது குரல். "அடுத்தது."

வலது கண்ணை அவர் திறக்கவில்லை. தானாகத் திறந்தது.

அப்புறம், இத்தனை வருடம் இறங்கியே கிடந்த இடது இமை, விரல் படாமல், மெல்ல மேலே ஏறியது.

அவர் பார்த்தார். ஒரே அறை. ஒரே கதவு. கோணல் முகத்தோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு நிற்கிற ஒரே மகள். எல்லாம் ஒன்றொன்றாக, தெளிவாகத் தெரிந்தன.

பக்கத்தில் அவன் நிற்கிறானா என்று மட்டும் இனி அவருக்குத் தெரியாது.

கருவிழி இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் போயின. மேலே போயின. கீழே இறங்கின.